அந்தப் பொடியை விற்றது நான்தான்

(தாராவியில் நடந்த ஒரு தமிழர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

இந்த 90 அடி ரோட்டில் மெடிக்கல் வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. "தம்பி, இதுக்கு நாட்டு மருந்து ஏதாச்சும் இருக்கா?" என்று யாராவது கேட்காத நாள் இல்லை. சிலருக்கு எடுத்துக் கொடுப்பேன், சிலருக்கு வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் கொடுத்து நடந்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர், சிறுகுறிஞ்சான் பொடி கேட்டார். கொடுத்தேன். தினமும் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறும் குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. பத்து நாள் கழித்து விடியற்காலையில் அவர் மகன் ஷட்டரைத் தட்டினான். ஓடிப் போய்ப் பார்த்தால், இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். புடவை வேர்வையில் நனைந்து ஒட்டியிருக்கிறது, கை நடுங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 48, ரொம்பக் குறைவு. விழுங்க முடிந்தது, அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து டாக்ஸியில் ஏற்றினோம்.

மாத்திரை, பொடி, சாறு மூன்றுமே சர்க்கரையை இறக்குபவை. டாக்டர் முன்பே அவரிடம் "வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றாராம். அது பொய் இல்லை. அவர் கணக்கில் அதெல்லாம் சாப்பாடு.

சரி, கடைக்காரர்கள் ஏன் கொடுக்கிறோம்? லேகியம், டானிக் என்றால் லாபம் கூடுதல். பத்து பாட்டில் எடுத்தால் இரண்டு இலவசம் என்று கம்பெனி ஆள் வருவார். சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்க லைசென்ஸ் வேண்டும், சில்லறையில் விற்க லைசென்ஸ் தேவையில்லை. நான் கொடுக்காவிட்டால் மளிகைக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். இத்தனையும் சேர்ந்துதான் கையை அலமாரிக்குக் கொண்டு போகிறது.

மறுப்பது நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்குச் சளி பிடித்தால் சுக்குக் கஷாயம்தான். மலச்சிக்கலுக்கு இசப்கோலை நானே சொல்வேன், நிறைய தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளுக்குச் சில மணி நேரம் தள்ளி. ஆனால் இருமலுக்கு அதிமதுரம் கேட்கிறவருக்கு பிரஷர் இருந்தால் கொடுக்க மாட்டேன். தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தை இறக்கும். கொரோனா சமயத்தில் இதே மும்பையில் சீந்தில் என்ற மூலிகைக் கொடியைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதித்ததை டாக்டர்கள் 2021இல் எழுதினார்கள். சீந்தில்மீது பழி போடக் கூடாது என்று சித்த, ஆயுர்வேத மருத்துவத்தைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சர்ச்சை எப்படியோ போகட்டும், மஞ்சள் காமாலை வந்து தேறியவர் கேட்டால் நான் எடுத்துத் தர மாட்டேன்.

அப்புறம், வாட்ஸாப்பில் வரும் "சர்க்கரை அடியோடு குணம்" விளம்பரத்தைக் காட்டி மருந்து கேட்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது.

அந்த அக்கா இப்போது கடைக்கு வரும்போது சாப்பிடுகிற எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வருகிறார். கவுண்ட்டரில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மதியம் 3 மணிக்கு மேல் கூட்டம் இருக்காது. உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி, லேகிய டப்பா எதுவானாலும் கொண்டு வாருங்கள். அதற்குக் காசு கிடையாது.