தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழலையர் வகுப்பில் பல வருடங்களாகப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். "இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியலா?" என்று கேட்கும் பெற்றோரை, பதில் சொல்லாமல் வகுப்பில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவேன். உங்களையும் அங்கேதான் கூட்டிப்போகிறேன்.

வாய் அகன்ற தொட்டி, பாதிக்குத் தண்ணீர். ஒரு தட்டில் கூழாங்கல், சாவி, இறகு, பெரிய மரக்கட்டை. நான்கைந்து பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்று: "இதைப் போட்டால் என்ன ஆகும்?" கூழாங்கல்லை வாங்கிக் கனம் பார்க்கிறார்கள். "கனமா இருக்கு மிஸ், உள்ளே போயிடும்." போட்டால், சொன்னபடியே மூழ்குகிறது. ஒரே குதூகலம். அடுத்தது மரக்கட்டை. கல்லைவிடக் கனம், இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இதுவும் போய்விடும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். கட்டை மிதக்கிறது. பேச்சே இல்லை. ஒருவன் அதை விரலால் அமுக்கிப் பார்க்கிறான். விரலை எடுத்ததும் மேலே வருகிறது. மறுபடி அமுக்குகிறான்.

இந்த இடத்தில்தான் பெரியவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. "மரம் லேசு, அதனால மிதக்குது" என்று சொல்லிவிடுவோம். முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் சொன்னேன். கட்டைதான் கல்லைவிடக் கனம் என்று அவன் கையே அவனுக்குச் சொல்லியிருக்கிறது; நான் சொன்னது அவனைக் குழப்பத்தான் செய்யும். அதைவிடப் பெரிய நஷ்டம், நான் பேச ஆரம்பித்ததும் அவன் விரலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவான்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 1970களில் அதைப் பற்றி எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். வீட்டில் ஒருமுறை மனதுக்குள் மூன்றுவரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளமான மௌனம் என்று புரியும்.

அப்புறம் களிமண். தண்ணீரில் கரையாத விளையாட்டுக் களிமண்ணை உருட்டிப் போட்டால் மூழ்கும். "இதையே மிதக்கவைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு நான் பின்னால் நகர்ந்துகொள்வேன். ஒருத்தி அதில் பாதியைப் பிய்த்துப் போட்டாள், மூழ்கியது. ஒருவன் தட்டித் தட்டையாக்கினான், அதுவும் மூழ்கியது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. எப்போதும் ஓரமாக உட்காரும் ஒரு பெண் குழந்தை, கட்டைவிரலால் நடுவில் குழித்து, ஓரத்தை மெல்ல இழுத்து இழுத்துக் கிண்ணமாக்கினாள். மிதந்தது. "அதே களிமண்தான் மிஸ்!" என்று இரண்டு தடவை சொன்னாள்.

உண்மைதான், எடை கொஞ்சமும் மாறவில்லை. கிண்ணமாக அகன்றதும் அது கூடுதல் தண்ணீரை ஒதுக்குகிறது. ஒதுக்கிய தண்ணீரின் எடை கிண்ணத்தின் எடைக்கு ஈடானதும் மிதக்கிறது. இரும்புக் கப்பல் மிதப்பதும் இப்படித்தான். இது உங்களுக்காகச் சொன்னது, அவளிடம் நான் சொல்லவில்லை. 'அடர்த்தி', 'மிதப்பு விசை' எல்லாம் பெரிய வகுப்பில் வரட்டும். அந்தச் சொற்கள் வரும்போது அவள் கட்டைவிரலுக்கு நினைவிருக்கும்.

இந்த வயதில் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. குட்டை டம்ளரில் இருக்கும் தண்ணீரை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றினால், தண்ணீர் கூடிவிட்டது என்றுதான் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். திருத்த வேண்டாம். திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்கட்டும்.

இப்படி எதையும் தொட்டுப் பார்க்க விட்டாலும், பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் கறார். பொத்தான் அளவுள்ள சின்னக் காந்தங்கள் குழந்தைகள் பக்கமே வரக் கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். கையடங்காத பெரிய காந்தமாகப் பார்த்துக் கொடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுக்கும்போது, அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று சொல்லி, பக்கத்திலேயே இருங்கள். தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தைவிட்டும் நகரக் கூடாது.

பொறுமையாகப் பார்க்க வேண்டியது என்றால், விதைதான். கண்ணாடி பாட்டிலுக்குள் ஈரப் பஞ்சைத் திணித்து, கண்ணாடியை ஒட்டி ஓர் அவரை விதையைச் செருகிவைத்தோம். சில நாளில் வேர் கீழ்நோக்கி வந்தது. பிள்ளைகள் தினமும் படம் வரைந்தார்கள். வேர் நன்றாக நீண்டதும் பாட்டிலைப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலை பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப் பார்த்த ஒருவன் கத்தினான்: "மிஸ், வேர் வளைஞ்சு கீழே போகுது! அதுக்குக் கண்ணு இல்லையே, எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் இரண்டு பேர் சேர்ந்து பாட்டிலை மறுபக்கமாகப் புரட்டிவைத்துவிட்டார்கள்.

வணக்கம்.