திமோரைப் பத்தி எல்லாரும் பேசுனாங்க, திமோர்காரங்கள தவிர

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாம் உலகப்போர்னதும் நமக்கு ஹிட்லரும் பேர்ல் ஹார்பரும்தான் ஞாபகத்துக்கு வரும், நான் இன்னைக்கு பேச வந்தது திலி பத்தி, அப்போ அது போர்ச்சுகல் ஆண்ட போர்த்துகீசிய திமோரோட தலைநகர், இன்னைக்கு அது ஆஸ்திரேலியாவுக்கு வடக்க இருக்கிற கிழக்கு திமோர் நாடு.

1941 டிசம்பர் 17. பேர்ல் ஹார்பர் நடந்து பத்து நாள்தான் ஆகுது. ஆஸ்திரேலிய, டச்சு படைங்க திலில வந்து இறங்குது. ஜப்பான் இந்த ஊரப் புடிச்சா ஆஸ்திரேலியாவோட வடக்கு ஊரான டார்வின் பக்கத்துலயே வந்துரும்னு பயம், அந்த பயம் நியாயமானதுதான், ஆனா போர்ச்சுகல் நடுநிலை நாடாச்சே, யாரும் அவங்ககிட்ட சம்மதம் வாங்கிட்டு வரல. கவர்னர் ஆட்சேபம் சொன்னார், தடுக்கிற அளவுக்கு அவர்கிட்ட படை இல்ல. லிஸ்பன்ல போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசார் கொதிச்சுப் போயிட்டார். இங்கிலாந்துக்கு இது பெரிய தர்மசங்கடம், 1373ல இருந்து போர்ச்சுகலோட நட்பு ஒப்பந்தம் வச்சிருக்கிற நாடுங்க அது.

பேசிப் பேசி ஒரு வழி கண்டுபுடிச்சாங்க: மொசாம்பிக்ல இருந்து போர்த்துகீசிய துருப்பு கப்பல்ல வரும், வந்ததும் நேச நாட்டுப் படை கிளம்பிரும். 1942 ஜனவரில கப்பலும் கிளம்புச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள பிப்ரவரி 19 ராத்திரி ஜப்பான்காரன் திலில இறங்கிட்டான்.

இத்தன தந்தி, இத்தன பேச்சுவார்த்தை, இதுல எங்கயாவது திமோர் மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான். அதுக்கப்புறம் மலைக்குள்ள ஒரு வருஷம் கெரில்லா சண்டை போட்ட ஆஸ்திரேலியக்காரங்களுக்கு சோறு போட்டது, மூட்டை தூக்குனது, ஒளிச்சு வச்சது எல்லாம் அந்த ஊர் ஜனங்க, முக்கியமா கிரியாடோன்னு சொல்ற சின்னப் பசங்க. 1943 பிப்ரவரிக்குள்ள கடைசி ஆஸ்திரேலியனும் போயாச்சு, ஜப்பான்காரனோட பழிவாங்கலும் பட்டினியும் அந்த ஊர் ஜனங்க தலையில. போர் முடியுறதுக்குள்ள செத்தவங்க 40,000ல இருந்து 70,000 வரைக்கும்னு மதிப்பிடுறாங்க, மொத்த ஜனமே அஞ்சு லட்சத்த தொடாத தீவுப்பகுதிங்க.

அதே நேரத்துல அட்லாண்டிக்ல போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுங்க நேச நாடுகளுக்கு தேவைப்பட்டுச்சு. 1943 ஆகஸ்ட்ல பிரிட்டனுக்கு தளம் குடுத்தார் சலாசார், 1944ல அமெரிக்காவுக்கும் அங்க சான்ட்டா மரியா தீவுல இடம். அந்த பேரத்துல திமோர் போர்ச்சுகலுக்கே திரும்பணும்ங்கிறத அவர் விட்டுக் குடுக்கவே இல்ல. அப்படியே நடந்துச்சு, 1945 செப்டம்பர்ல திலில மறுபடியும் போர்த்துகீசிய நிர்வாகம். மூட்டை தூக்குன பசங்களுக்கு அந்த ஒப்பந்தங்கள்ல ஒரு வரி கூட இல்ல.