எந்தப் பறவை நம் ஊர்ப் பறவை?

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் பறவைச் சிலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, ஆற்றோரத்தில் யூஓபி பிளாசா முன்னால் நிற்கும் வெண்கலப் பறவைதான். கொலம்பியச் சிற்பி பொட்டேரோ 1990இல் செய்தது. கொழுகொழுவென்று இருக்கும், பார்த்தாலே முகம் மலரும். ஆனால் அந்த இடத்தின் கதை அதில் இல்லை. பக்கத்தில்தான் மார்க்கெட் ஸ்திரீட். வட்டிக்கடை நடத்திய நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு.

இதே சிற்பியின் இன்னொரு பறவை அவருடைய சொந்த ஊரான மெடலினில் இருக்கிறது. 1995இல் பூங்காவில் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள், சிலையும் கிழிந்தது. அதை அகற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே புதிதாக ஒன்றை வைத்தார் பொட்டேரோ. அதற்கப்புறம் அந்தப் பறவைகள் அந்த ஊருக்கே சொந்தம்.

நமக்கு அப்படிச் சொந்தமானது எது என்று கேட்டால், டகோட்டா கிரசென்ட் புறாவைத்தான் சொல்வேன். சிலை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. அது விளையாட்டு மைதானம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வடிவமைப்பாளர் கோர் இயன் கீ உருவாக்கிய புறா. தோ பாயோவின் டிராகனும் அவர் கைவண்ணமே. சின்னச் சின்ன மொசைக் ஓடுகள் பதித்த உடம்பு, வழவழப்பான சறுக்கு, ரப்பர் டயர் ஊஞ்சல், கீழே மணல். ஏறி விளையாடத்தான் அந்தப் புறா. சட்டைப் பையில் மணலோடு வீடு திரும்பிய பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டி ஆகும் வயதில் இருக்கிறார்கள்.

டகோட்டா கிரசென்ட் 1958இல் கட்டப்பட்ட குடியிருப்புப் பேட்டை. 2016 முடிவதற்குள் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். இடித்துவிடக்கூடாது என்று பலர் குரல் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில், நடுவில் உள்ள 6 புளோக்குகளைக் காப்பாற்றுவதாக அரசாங்கம் அறிவித்தது, புறாவும் தப்பியது. வீடுகளோடு சேர்த்துக் காப்பாற்றியதுதான் சரி. அந்தப் புறாவை மட்டும் பெயர்த்து அரும்பொருளகத்தில் வைத்திருந்தால் அது வெறும் காட்சிப்பொருள்தான்.

சரி, நம் சிராங்கூன் சாலைக்கு வருவோம். அந்தப் பெயரே 'ரங்கோங்' என்ற சதுப்புநிலப் பறவையிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். தீபாவளி ஒளியூட்டில் மயில் வருகிறது. பண்டிகை முடிந்ததும் இறங்கிவிடுகிறது. கோவில் கோபுரத்தில் கருடன் இருக்கிறார். அவர் வழிபாட்டுக்கு உரியவர். சாலைக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் பறவைக்கும் தேக்கா சந்தைப் பக்கம் ஓர் இடம் கொடுக்கலாமே. உயரமான பீடம் வேண்டாம். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாக்கள் பக்கத்தில் உட்காரவும், பிள்ளைகள் முதுகில் ஏறவும் வசதியாக இருக்கட்டும். செய்கிறவர் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவராக இருந்தால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

நன்றி, வணக்கம்.