ஆஸ்பத்திரி வேலையா, சொந்த கிளினிக்கா? சேலத்து டாக்டர்கள் கையெழுத்துப் போடும் முன்

வணக்கம். எம்.டி. முடித்த கையோடு சேலத்திலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிற இளம் டாக்டர்களுக்குத்தான் இந்த வீடியோ. நான் டாக்டர்களுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர். ஐந்து ரோடு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்வதா, அம்மாபேட்டையிலோ குகையிலோ சொந்தமாக போர்டு மாட்டுவதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கொடுத்த பேப்பரில் ‘சம்பளம்’ என்று இருக்கிறதா, ‘கன்சல்டன்ட் ஃபீஸ்’ என்று இருக்கிறதா?

(திரையில்: பேசியது 1,50,000. வங்கியில் விழுந்தது 1,35,000.)

இதைக் கவனியுங்கள். மாதாமாதம் சரியாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்கிற வருமான வரி, போகிறது என்றால், ஆஸ்பத்திரியின் கணக்கில் நீங்கள் ஊழியரே இல்லை, வெளியிலிருந்து வந்து பார்த்துக் கொடுக்கிறவர். ஐடி கார்டு, கைரேகை அட்டெண்டன்ஸ், நைட் டூட்டி எல்லாம் ஊழியர்களுக்கு இருப்பது போலவே இருக்கும், ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி, சம்பளத்தோடு லீவு எதுவும் இருக்காது. பெண் டாக்டர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊழியர் என்றால் முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு சட்டப்படி உண்டு. கன்சல்டன்ட் என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். நிரந்தர வேலை என்று நம்பிச் சேர்ந்தவருக்குக் கர்ப்பமான பிறகு இது தெரியவருவது எவ்வளவு கொடுமை!

அதற்காக கன்சல்டன்ட் என்றாலே நஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன்.

(திரையில்: வருடம் 18 லட்சம், இரண்டு கணக்கு)

2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை, வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சம்பளமாக 18 லட்சம் வாங்கினால் 75,000 கழிவு போக வரி 1,50,800 ரூபாய். அதே பணம் கன்சல்டன்ட் ஃபீஸாக வந்தால், செலவுக் கணக்கே காட்டாமல் பாதியை, அதாவது 9 லட்சத்தை, வருமானமாகக் காட்ட வழி இருக்கிறது. 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம், பிடித்த டிடிஎஸ் முழுதும் திரும்பி வரும். அந்தப் பணத்தில் முதல் வேலையாக டாக்டர்களுக்கான இண்டெம்னிட்டி பாலிசி, அதாவது நோயாளி வழக்குப் போட்டால் நஷ்டஈட்டுக்குக் கைகொடுக்கிற காப்பீடு, எடுங்கள், ஏனென்றால் 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையையும் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது, ஆஸ்பத்திரியின் பாலிசி உங்கள் பெயரையும் சேர்த்துக் காக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

சரி, சொந்த கிளினிக். வாடகை, நர்ஸ், கம்பவுண்டர் செலவெல்லாம் உங்களுக்கே தெரியும். பலர் விட்டுவிடுவது லைசென்ஸ் வேலைகளை. 1997-ம் வருடத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்படி மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் பதிவு, அப்புறம் படுக்கை இல்லாத சின்ன கிளினிக்காக இருந்தாலும் ஊசி, பஞ்சு கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி. ஃபீஸ் எவ்வளவு என்று போர்டும் வைக்க வேண்டும். ஜிஎஸ்டி பயம் வேண்டாம், வைத்தியத்துக்கு வரி இல்லை.

ஆனால் ஆத்தூரிலிருந்தும் மேச்சேரியிலிருந்தும் பஸ் ஏறி உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டு நோயாளி வர வருடங்கள் ஆகும். அதுவரை கடை வாடகையைக் கடன் வாங்கிக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பகலில் ஆஸ்பத்திரி, மாலையில் கிளினிக் என்று ஆரம்பிப்பதுதான் என் யோசனை. அரசு டாக்டர்களுக்கு டூட்டி நேரம் போக சொந்தமாகப் பார்க்க நம் மாநிலத்தில் அனுமதி உண்டு. தனியாரில்தான் சிக்கல்.

(திரையில்: ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்)

‘வேலையில் இருக்கும்போதும், விலகி இரண்டு வருடம் வரையிலும், சேலத்தில் வேறெங்கும் பார்க்கக் கூடாது’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். விலகிய பிறகும் தொழில் செய்யாதே என்று தடுக்கிற பகுதி 1872 ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது. அதைப் பார்த்துப் பயந்து ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போது என்கிற பகுதி செல்லும். ஆகவே கையெழுத்துக்கு முன்பே, ‘டூட்டி முடிந்து மாலையில் சொந்த கிளினிக்கில் பார்க்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஹெச்ஆரிடமிருந்து மெயிலாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.