கொப்பியில் எழுதாத கடன்

அவையோருக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் பல கலியாண வீடுகளில் விருந்து முடிந்த இரவே ஒரு வேலை நடக்கும். ஒருவர் என்வலப்பைப் பிரித்துப் பெயரையும் தொகையையும் வாசிக்க, இன்னொருவர் கொப்பியில் எழுதுவார். 2,000 வைத்தவர் வீட்டில் நாளை விசேஷம் வந்தால் அதற்குக் குறையாமல் வைக்க வேண்டுமே! இதைக் குறைசொல்ல நான் வரவில்லை. எத்தனையோ இல்லாதவர் வீட்டுச் சடங்குகள் இதனால்தான் ஒப்பேறியிருக்கின்றன. செத்தவீட்டுக்குப் பந்தல் போட ஓடிவருவதும் இதே முறைதான். ஆனாலும் இது கொடுக்கல் வாங்கல்.

அறக்கடமை வேறு. ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டினார். சின்னப் பிள்ளை வந்தாலும் விலையைக் கூட்டாத கடைக்காரர். வியாபாரம் கெட்டுவிடும் என்பதற்காக மட்டுமே அவர் அப்படி நடந்தால் அதில் அறத்தின் பெறுமதி இல்லை என்றார் கான்ட். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பயத்தில் வந்த நேர்மையும் அந்தப் பிள்ளையின் காசைக் காப்பாற்றுகிறதே. ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி சரியானது: பார்க்க ஆளில்லை, திருப்பித் தரவும் ஆளில்லை என்றால், அப்போதும் செய்வோமா?

செய்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 கடற்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அன்று கரையிலிருந்து ஓடிவந்தவர்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் தமிழரா, முஸ்லிமா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யார் சாப்பிடப் போகிறார் என்று தெரியாமலே சோற்றுப் பார்சல் கட்டினார்கள்.

சிக்கல், கொடுக்கல் வாங்கலும் அறக்கடமையும் மோதும்போதுதான். ஒரு விதவையின் வேலியைப் பக்கத்து வளவுக்காரர் இரண்டு முழம் தள்ளிப் போடுகிறார் என்று வையுங்கள். விசாரணை வருகிறது. பழைய எல்லை உங்களுக்குத் தெரியும். அதில் நின்ற பூவரசுகூட நினைவிருக்கிறது. ஆனால் தள்ளிப் போட்டவர் உங்கள் குடி, அதாவது தாய்வழியில் வரும் உங்கள் உறவுக் கூட்டம்; அண்ணன் முறை. "எங்கட ஆளைக் காட்டிக் குடுக்கிறதா?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். நல்ல மனிதர்கள்கூட அந்த இடத்தில் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு கொதிப்பது இந்த ஒரு பேச்சுக்குத்தான். அண்ணனுக்கு நீங்கள் பட்ட கடனை அந்தப் பெண்ணின் நிலத்தில் தீர்க்கிறீர்கள்! உங்கள் வளவில் இரண்டு முழம் கொடுங்களேன், யார் தடுத்தது?

எல்லையைச் சொல்லுங்கள். அப்புறம் அதே அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்கு முதல் ஆளாய்ப் போய் வாழைமரம் கட்டுங்கள். அவர் முகம்கொடுத்துப் பேசாமல் விடலாம். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வராமலும் விடலாம். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் சாட்சி சொல்லப் போகவேண்டும்.