பால்தியோ என்றால் புறம்போக்கு

அவையோருக்கு வணக்கம். புறம்போக்கு என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். வரிக்கணக்குக்கு வெளியே கிடக்கும் நிலம் அது. தெருச்சண்டையில் வசவும் அதுவே. கொலம்பியாவில் ஏறக்குறைய இதே பொருளில் 'பால்தியோ' என்கிறார்கள்: தனியார் எவருக்கும் சொந்தமில்லாத அரசு நிலம். 1959-இல் வந்த 2-ஆம் எண் சட்டம் பசிபிக் கரையோர மழைக்காட்டை வன ஒதுக்கீடாக அறிவித்தது. அத்ராத்தோ போன்ற ஆறுகளின் கரையில் தலைமுறைகளாகக் குடியிருந்த கறுப்பின மக்கள், சட்டத்தின் கண்ணில், தங்கள் வாழைத்தோட்டத்திலேயே ஆக்கிரமிப்பாளர்கள்.

அவர்கள் அங்கே வந்த கதை சுருக்கமானது. 1852 ஜனவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. ஆண்டைகளுக்கு அரசு கடன் பத்திரமாக நஷ்டஈடு கொடுத்தது. விடுதலையானவர்களுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. ஆற்றோரம் போனார்கள், பொன் அரித்தார்கள், மீன் பிடித்தார்கள், மரம் அறுத்தார்கள்.

1991-இல் எழுதிய புதிய அரசியல் சாசனத்தின் இடைக்கால விதி 55 அவர்களுக்கு நில உரிமைச் சட்டம் வேண்டும் என்றது. 1993 ஆகஸ்டில் 70-ஆம் எண் சட்டம் வந்தது. அது தருவது கூட்டுப் பட்டா. விற்க முடியாது, கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் வெளியாள் பாத்தியதை கோர முடியாது. சட்டத்தின் பெருமையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். படிவம், வரைபடம், பதிவேடு, இவற்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. கொஞ்சம் சலிப்பூட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டா கேட்கும் ஊர் முதலில் ஒரு சமூக மன்றம் அமைக்க வேண்டும். நம் கிராம சபை போல ஒரு பொதுக்கூட்டம், அது தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, கையெழுத்துப் போடச் சட்டப் பிரதிநிதி ஒருவர். குழுவின் காலம் மூன்று ஆண்டு. மனுவோடு எல்லை வரைபடம், ஊர் வரலாறு, குடும்பங்களின் விவரம், எந்த நிலத்தில் என்ன தொழில், யாரோடு என்ன தகராறு என எல்லாம் இணைக்க வேண்டும். பிறகு அதிகாரிகள் நேரில் வந்து அளப்பார்கள். அரசாணை வரும், அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஏற வேண்டும். மனு வந்த பின் முடிவுக்குச் சட்டம் வைத்த கெடு 60 நாள். இழுத்தடித்ததோ ஆண்டுக்கணக்கில். ஆனாலும் இதுவரை 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பட்டாவாகியிருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஓட்டை எங்கே? முதலாவது எல்லை. ஆறு இடம் மாறும். அதை எல்லையாக வைத்த வரைபடமும் அதோடு ஆடும். சோக்கோ மாகாணத்தின் குர்வராதோ, ஹிகுவாமியாந்தோ பகுதிகளில் 1990-களின் கடைசியில் துணை ராணுவம் எனப்பட்ட தனியார் ஆயுதக் குழுக்கள் மக்களைத் துரத்தின. 2000-இல் பட்டா வந்தபோது ஊர்கள் காலி. அந்த நிலத்தில் எண்ணெய்ப்பனை நடப்பட்டது. அதற்குக் காட்டிய பத்திரங்களில் ஒன்றில், ஏற்கெனவே ஆற்றில் மூழ்கி இறந்துபோன ஒருவர் நிலத்தை விற்றிருக்கிறார். அவருக்கு இருந்ததோ 18 ஹெக்டேர். ஆறு ஒதுங்கியதால் நிலம் வளர்ந்தது என்று எழுதி, பத்திரத்தில் அதை ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் ஆக்கியிருந்தார்கள். ஆறு அவ்வளவு வள்ளல்!

இரண்டாவது நிலத்தடி. பட்டா மேல்மண்ணுக்குத்தான், கீழே இருக்கும் தங்கம் அரசுடையது. அதை வெளியாருக்குக் குத்தகை விடும்முன் ஊரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கை. கொலம்பியா 1991-இலேயே ஏற்றுவிட்டது. (இந்தியா இன்னும் 1957-இன் பழைய 107-ஆம் உடன்படிக்கையிலேயே நிற்கிறது.) கொலம்பியாவில் ஒரு தந்திரம் உண்டு. திட்டப் பகுதியில் கறுப்பினச் சமூகம் உண்டா இல்லையா என்று உள்துறை அமைச்சகம் சான்று தர வேண்டும். 'இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் கலந்தாய்வே தேவையில்லை. காவ்கா மாகாணத்தின் லா தோமா மக்கள் வழக்குத் தொடுத்து, 2010-இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் சுரங்க உரிமத்தை நிறுத்திவைக்கும் தீர்ப்புப் பெற்றார்கள். அதன் பிறகும் சட்டவிரோதச் சுரங்கக்காரர்களின் மண்தோண்டி இயந்திரங்கள் ஆற்றில் இறங்கின. 2014-இல் பெண்கள் தலைநகர் போகோத்தாவுக்கு நடந்தே போனார்கள். அவர்களோடு நின்ற ஃபிரான்சியா மார்க்கெஸ்தான் 2022-இல் துணைக் குடியரசுத் தலைவரானவர்.

மூன்றாவது கடன். அடகு வைக்க முடியாத நிலத்துக்கு வங்கி கடன் தருவதில்லை. நிலத்தைக் காப்பாற்றும் விதியே விதை வாங்கவும் படகு வாங்கவும் வழியை அடைக்கிறது. அதற்காக அந்த விதியைத் தளர்த்தச் சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. பட்டாவை அடமானமாகக் கேட்காத கடன் திட்டம்தான் வேண்டும்.

நான்காவது தலைக்கணக்கு. பட்டா கிராமத்துக்குத்தான். நகரத்துக்குப் போனவர்களைத் தேடிச் சேர்க்க மக்கள்தொகைக் கணக்கை விட்டால் வேறு வழி குறைவு. 1993-இல் 'ஏதேனும் இனக்குழு, பழங்குடி, கறுப்பினச் சமூகத்தைச் சேர்ந்தவரா?' என்று கேட்டார்கள். கறுப்பினச் சமூகம் என்றவர்கள் 1.5 சதவீதம். 'கறுப்பர், முலாட்டோ, ஆப்ரிக்க வம்சாவளி' என மக்கள் தங்களை அழைக்கும் சொற்களையே 2005-இல் படிவத்தில் வைத்தார்கள். எண்ணிக்கை 43 லட்சம். 2018-இல் அது 29.8 லட்சமாகச் சரிந்தது. மக்கள் எங்கும் போய்விடவில்லை. கணக்கெடுப்பாளர் பல வீடுகளில் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. ஆயுதக் குழுக்கள் நடமாடும் சில ஆற்றோர ஊர்களுக்குப் போகவே இல்லை. அதே புள்ளியியல் துறை, அதே 2018-இல், சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்த இன்னோர் ஆய்வை வைத்து மதிப்பிட்ட எண் 46.7 லட்சம். 2022-இல் அரசியல் சாசன நீதிமன்றம், டி-276 என்ற தீர்ப்பில், இந்தக் கணக்கெடுப்பு அந்த மக்களின் உரிமையை மீறியது என்று சொன்னது.