பூச்சியம் ஆகாத தடை

வணக்கம் நேயர்களே. கடுங்குளிரில் தடையின்றி மின்னைக் கடத்தும் பொருளே மீகடத்தி. அதன் தடை பூச்சியம் என்று உயர்தரப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். நேரோட்டத்துக்கு அது சரி. திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டம் என்று வந்தால்தான் துகள் முடுக்கி கட்டுகிறவர்களுக்குத் தலையிடி.

ஜெர்மனியின் ஹம்பர்க்கில் 3.4 கிலோமீற்றர் நீளத்தில் எக்ஸ்-கதிர் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதில் இலத்திரன்களை முடுக்குபவை, நியோபியம் என்ற மீகடத்தி உலோகத்தால் செய்த குழிவறைகள், அதாவது உள்ளே வெறுமையான அறைகள். 2 கெல்வின், அதாவது -271 பாகை செல்சியஸ் குளிரில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் அவற்றினுள்ளே, செக்கனுக்கு 130 கோடி தடவை மின்புலம் ஆடுகிறது. மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சேர்ந்துதான் தடையின்றி ஓடுகின்றன. அந்தச் சோடிகளுக்கும் திணிவு உண்டு. அந்த ஆட்டத்துக்கு அவை முற்றாக ஈடுகொடுப்பதில்லை. எனவே சோடி சேராத மிச்ச இலத்திரன்களும் ஆட்டப்பட்டு, சுவர் கொஞ்சம் சூடாகும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஆட்டம் எவ்வளவு மெதுவாகத் தணிகிறது என்று சொல்லும் எண்ணைத் தரக்காரணி என்பார்கள்; குறியீடு Q (கியூ). இந்தக் குழிவறைகளுக்கு அது 1000 கோடி அளவில். கோணேசர் கோயில் மணி 500 ஹேர்ட்ஸில் ஒலித்து, அதற்கும் அதே தரக்காரணி இருந்தால், ஒரு தடவை அடித்த ஓசை இரண்டு மாதம் கழித்தும் கேட்கும். ஆனாலும் விடமுடியாது: 2 கெல்வினில் சேரும் ஒரு வாற்று வெப்பத்தை வெளியேற்ற, 700 வாற்றுக்கு மேல் மின்சாரம் வேண்டும்.

தூசி ஒரு எதிரி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கை சுவரில் ஒட்டியிருந்தாலே, உயர் புலத்தில் அது இலத்திரன்களைக் கக்கும். அதனால்தான் தூய அறையும் உயர் அழுத்த நீர்க்கழுவலும்.

எனக்குப் பிடித்த எதிரி ஐதரசன். அமிலத்தில் சுத்தம் செய்யும்போதே உலோகத்துக்குள் புகுந்துவிடும். குளிர்விக்கையில் 100 கெல்வின் அண்டையில் தாமதித்தால், நியோபியத்தோடு சேர்ந்து ஐதரைட்டாகப் படிந்துவிடும். நல்ல குழிவறை அதோடு படுத்துவிடும். தரக்காரணி Q விழுந்துவிடுவதால் இதைக் 'கியூ நோய்' என்றே சொல்வார்கள். வெற்றிடத்தில் 800 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு ஐதரசனை விரட்டுவதே வைத்தியம்.

இப்படி அசுத்தத்தை விரட்டியவர்களே பிறகு அளவோடு நைதரசனை உள்ளே விட்டார்கள்! அமெரிக்காவின் பெர்மி ஆய்வுகூடத்தில் அன்னா கிரசெலினோவும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட முறை அது. இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் நைதரசன் ஏற்றிய சுவருக்குக் காந்தப்புலம் ஆகாது. நமது துறைமுகத்தில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் அதே புவிக்காந்தம், குளிரும்போது உலோகத்தில் சிக்கினால் பெற்ற ஆதாயம் போய்விடும். அதற்காகக் காந்தக் கவசம் போட்டது போதாமல், கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுகூடத்து எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் ஹீலியப் பாய்ச்சலைக் கூட்டி, காந்தப்புலம் வெளியே தள்ளப்படும்படி குழிவறைகளை வேகமாகக் குளிர்வித்தார்கள். 2023இல் அந்தக் குழிவறைகளைக் கொண்ட இயந்திரம் தனது முதலாவது எக்ஸ்-கதிரைத் தந்தது.